வாழையின் முடிக்கொத்து நோயும் அதன் வைரஸும்

வாழைக் கொல்லையில் ஒரு கன்றின் இலைகள் விரிந்து சாயாமல், குறுகிக் குத்திட்டு, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்பின் அதற்கு முடிக்கொத்து நோய் கண்டதென்று அறியலாம். குடியானவர்களிற் பலர் இதை எருக்குறைவென்று எண்ணி மேலும் எருவிடுகின்றனர். சிலர் போர்டோ கலவை தெளிக்கின்றனர். இரண்டும் வீண் செலவேயாம். இந்நோய் எருக்குறைவால் வருவதுமன்று, பூஞ்சணத்தால் வருவதுமன்று. வைரஸ் என்னும் அதிநுட்பமான பொருளால் வருவது.

பூஞ்சணமும் பாக்டீரியாவும் எத்துணைச் சிறியவையாயினும் தாமே உண்டு தாமே பெருகும் உயிர்களாகும். வைரஸோ அத்தகையதன்று. அதற்கு உணவுமில்லை, சுவாசமுமில்லை. மரபுக் குறிப்பைத் தாங்கிய நியூக்ளிக் அமிலம் சிறிது, அதனைச் சூழப் புரதத்தாலாகிய உறை. இவ்வளவே அதன் உடல். முடிக்கொத்து வைரஸின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50,000-ல் ஒரு பங்காகும். 1892-ஆம் ஆண்டில் ருஷ்ய தேசத்து இவானோவ்ஸ்கி என்பார், தேமல் கண்ட புகையிலையின் சாற்றைப் பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடித்தும், அச்சாறு நோயை உண்டாக்குவதைக் கண்டார். 1898-இல் ஹாலந்து தேசத்து பெய்ஜெரிங்க், அந்நோய்ப்பொருள் உயிருள்ள செடியிலன்றி வேறெங்கும் பெருகாதென்று எடுத்துக் காட்டினார்.

செடியின் ஒவ்வோர் உயிரணுவையும் கெட்டியான சுவரொன்று காக்கின்றது. அதைத் துளைக்கும் வலிமை வைரஸுக்கு இல்லை. பிறர் செய்த துளை வேண்டும். வாழையில் இவ்வேலையைச் செய்வது இலைமட்டையின் இடுக்கிலும் குருத்திலும் கூட்டமாக வாழும் கருமை கலந்த பழுப்பு நிற அசுவினியாகும். நோயுற்ற மரத்தில் அது சில மணி நேரம் சாறு உறிஞ்சினால், வைரஸ் அதன் குடலினின்று இரத்தத்திற்கும், அங்கிருந்து உமிழ்நீருக்கும் சென்று சேர்கின்றது. பின்னர்ப் பல நாள் வரையில் அவ்வசுவினி தான் குத்தும் மரங்களுக்கெல்லாம் நோயை ஊட்டும். அரிவாள் வெட்டினால் இந்நோய் பரவுமென்று அஞ்சுவாருமுளர், அவ்வச்சம் வேண்டியதில்லை.

அணுவினுள் புகுந்ததும் உறை கழல, மரபுக் குறிப்பு அணுவின் உட்கருவை அடைகின்றது. முத்திரையிட்ட போலி உத்தரவொன்றை உண்மையென்று நம்பிக் களஞ்சியக்காரன் நெல்லை அளந்து கொடுப்பது போல, அணுவும் அக்குறிப்பைத் தன்னுடையதாகவே கொண்டு, தன் சரக்கைச் செலவிட்டு வைரஸின் பிரதிகளையும் உறைப் புரதத்தையும் ஆக்கித் தருகின்றது. இவ்வாறு பெருகிய வைரஸ் அணுக்களை இணைக்கும் நுண்வழிகளால் பக்கத்து அணுக்களுக்குச் சென்று, உணவுச் சாறு ஓடும் குழாய்களின் வழியே கிழங்கிலும் இறங்குகின்றது. ஆகவேதான் நோயுற்ற தூரினின்று எழும் கன்றுகள் முடிவில் நோய்க்கன்றுகளாகவே ஆகின்றன. வேலை முழுவதும் அணுவின் கருவிகளைக் கொண்டே நடப்பதால், இலைமேல் தெளிக்கும் மருந்து எதுவும் வைரஸை எட்டுவதில்லை. நோய் கண்ட மரத்தைத் தேற்றும் மருந்து இன்றளவும் இல்லை.

அசுவினி குத்தி, மேலும் சில இலைகள் வெளிவந்த பின்னரே அடையாளம் தோன்றும். இளம் இலையின் அடிப்புறத்தை வெளிச்சத்திற்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால், நரம்புகளின் மேல் கரும்பச்சைப் புள்ளிகளும் சிறு கோடுகளும் காணப்படும். குருத்துக் கொத்தாகும் வரை காத்திருப்பது பெரும் பிழை. அதற்குள் அயல் மரங்கள் பல பற்றியிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் 1925-ஆம் ஆண்டளவில் இந்நோயால் வாழைத் தோட்டங்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. மேகீ என்னும் அறிஞர் அசுவினியே காரணமென்று நிரூபித்த பின்னர், தோட்டந்தோறும் சோதனையிட்டு நோய்த்தூர்களை அழிக்கவும், நற்கன்றுகளை மட்டுமே நடவும் சட்டம் விதித்தனர். தொழில் மீண்டும் தழைத்தது. நம் நாட்டிலோ கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழை இந்நோய்க்குப் பெரிதும் பலியாயிற்று. ஒருவர் தம் தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருந்தும், அயலார் கொல்லையில் பராமரிப்பற்ற நோய்த்தூர் ஒன்று நின்றால் பயனில்லை. அத்தகைய தூர்களைக் கிராம உத்தியோகஸ்தர்கள் உரியவருக்குக் காட்டி அகற்றச் செய்வது பெரும் உபகாரமாகும்.

அகற்றுவதிலும் முறையுண்டு. மரத்தை முதலில் வெட்டிச் சாய்த்தால் அசுவினிகள் கலைந்து அயல் மரங்களில் ஏறும். ஆதலின் குருத்திலும் மட்டை இடுக்குகளிலும் மண்ணெண்ணெய் ஊற்றி அவற்றைக் கொன்ற பின்னரே, கன்றுகளோடும் கிழங்கோடும் தூரைத் தோண்டியெடுத்துத் துண்டாக்கி உலர்த்த வேண்டும். மண்ணில் கிழங்குத் துண்டு எஞ்சினால் அது மீண்டும் துளிர்க்கும்.