பத்து ஆண்டாகியும் அழுகாத பர்கர்! ரகசியம் என்ன?

வட்ட ரொட்டிக்குள் ஒரு துண்டு இறைச்சி. வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆகியும் அழுகவில்லை; பூசணம் பிடிக்கவில்லை. நம்ப முடிகிறதா?

இது ஐஸ்லாந்து நாட்டில் நடந்தது. அங்கிருந்த மெக்டொனால்டு உணவுக் கடைகள் 2009-ம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் மூடப்பட்டன. மூடும் தறுவாயில் அந்நாட்டுக்காரர் ஒருவர் ஒரு பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினார். தின்பதற்கு அல்ல, எத்தனை நாளில் கெடுகிறது என்று பார்ப்பதற்கு! அந்தப் பர்கர் சில காலம் அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்திலும் இருந்தது. 2019-ல் ஒரு விடுதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது. அப்போதும் பார்வைக்குப் பெரிய மாற்றம் இல்லை.

இப்படிப்பட்ட படங்கள் இன்று செல்போனில் அடிக்கடி வருகின்றன. "கிருமிகூடத் தொடாத பண்டம் என்றால், அதில் என்ன விஷம் கலந்தார்களோ!" என்று பார்ப்பவர்கள் பதறுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதா?

வீட்டுப் பர்கரும் கெடவில்லை

அமெரிக்காவைச் சேர்ந்த சமையற்கலை எழுத்தாளர் கென்ஜி லோபஸ்-ஆல்ட் 2010-ல் இதைச் சோதித்தார். கடையில் வாங்கிய பர்கர்களோடு, அதே அளவில் தாமே வீட்டில் செய்த பர்கர்களையும் திறந்து வைத்தார். வீட்டில் செய்த இறைச்சித் துண்டில் எந்த ரசாயனமும் சேர்க்கவில்லை. ஆனால் அந்தச் சிறிய பர்கர்களும் அழுகாமல் காய்ந்து கட்டையாகிவிட்டன!

கடைப் பர்கர் ஒன்றைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தார். அதில் பூசணம் பிடித்தது. ஈரம் வெளியேற வழி இல்லாததே காரணம்.

ஈரமே உயிர்

பாக்டீரியாவும் பூசணமும் உயிருள்ளவை. அவை வளர ஈரம் வேண்டும். மெக்டொனால்டின் சாதாரண பர்கரில் உள்ள இறைச்சித் துண்டு, வேகுமுன்பே சுமார் 45 கிராம்தான். தட்டையாக, மெல்லியதாக இருக்கும். சூடான இரும்புத் தட்டில் வேகும்போது கணிசமான ஈரம் போய்விடும். வெளியே வைத்தால் மீதி ஈரத்தைக் காற்று உறிஞ்சிக்கொள்ளும். பூசணம் வேர் பிடிப்பதற்குள் பண்டம் உலர்ந்துவிடுகிறது.

நமக்கு இது புதிய சங்கதி அல்ல. வற்றலும் கருவாடும் மாதக்கணக்கில் இருப்பது எப்படி? ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவரும் முறுக்கு வாரக்கணக்கில் தாங்குவது எப்படி? எல்லாம் ஈரம் போனதால்தான். முறுக்கை யாரும் விஷம் என்று சொல்வதில்லையே!

அந்தப் பர்கரை ஆடி மாத மழையில் மும்பையில் திறந்து வைத்தால் கதை வேறாக இருக்கும். காற்றே நனைந்திருக்கும் நாளில் பண்டம் காய்வது ஏது? பாவ் ரொட்டியில் பச்சைப் புள்ளி விழுவதை அங்குள்ளவர்கள் அறிவார்கள்.

பூசணத்தைக் காட்டி விளம்பரம்

போட்டிக் கடையான பர்கர் கிங் 2020-ல் ஒரு விசித்திர விளம்பரம் செய்தது. தனது பெரிய பர்கரில் நாளுக்கு நாள் பூசணம் படர்வதைப் படமெடுத்துக் காட்டியது! செயற்கைப் பாதுகாப்புப் பொருள் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி என்றது. ஆனால் அந்தப் பர்கர் பெரியது. தக்காளி, வெங்காயம், கீரை இலை என்று ஈரம் நிறைந்தது. அது பூத்துப்போனதில் அதிசயம் இல்லை.

பாதுகாப்புப் பொருளே கிடையாது என்றும் சொல்வதற்கில்லை. ரொட்டி பூக்காமல் இருக்கக் கால்சியம் புரோப்பியனேட் என்ற பொருளைப் பல நாடுகளிலும் ரொட்டித் தொழிலில் சேர்க்கிறார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. அமெரிக்காவில் மெக்டொனால்டு 2018-ல் தன் வழக்கமான பர்கர் ரொட்டிகளிலிருந்து அதை நீக்கிவிட்டதாக அறிவித்தது. எனினும் சிறிய பர்கர் காய்ந்துபோவதற்கு முக்கியக் காரணம் ஈரம் போவதே.

கவனிக்க வேண்டியது எது?

அப்படியானால் தினமும் பர்கர் தின்னலாமா? கூடாது. அதில் உள்ள கெடுதி வேறு. மைதாவும் கொழுப்பும் உப்பும் அதிகம், நார்ச்சத்து குறைவு. அழுகுகிறதா இல்லையா என்பது இந்தக் கணக்கில் சேராது.

உண்மையான ஆபத்து நம் தூக்குச் சட்டியில் இருக்கலாம். விடியற்காலையில் வடித்த சோற்றைச் சாம்பார் ஊற்றி மூடி, உஷ்ணமான பட்டறையில் மாலைவரை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! ஈரமும் சூடும் சேர்ந்த அந்த இடம்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். சோற்றில் வளரும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. வாடையும் வராமல் இருக்கலாம். வாந்தி வந்த பிறகுதான் தெரியும். ஒருநாள் கூலியும் போகும். மருந்துச் செலவும் வரும்.

சமைத்த உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர்பெட்டி வசதி இல்லாதவர்கள், வேலைக்குச் சப்பாத்தியும் உலர்ந்த பொரியலும் கொண்டுபோவது மேல். சோறு வேண்டும் என்றால், வடித்ததைச் சீக்கிரமே சாப்பிட்டுவிட வேண்டும். காய்ந்த பர்கரைக் கண்டு பயப்படுவதைவிட, ஈரச் சோற்றைக் கண்டு எச்சரிக்கையாக இருப்பது புத்திசாலித்தனம்.