முடியின் நிறமும் சாயமும்

தீபாவளி நெருங்கும்போது லிட்டில் இந்தியாவில் கூட்டம் அலைமோதும். வளையல், பூச்சரம், பலகாரம் விற்கும் கடைகளுக்கு நடுவே, கைகளில் மருதாணி இட்டுக்கொள்ளப் பலர் காத்திருப்பார்கள். சிராங்கூன் சாலைக் கடைகளில் மருதாணிப் பொடியும் முடிக்கு இடும் சாயமும் விற்பனைக்கு இருக்கும். அவற்றில் சில, ‘இயற்கையானது’ என்றும் ‘மூலிகை’ என்றும் நம்மை அழைக்கும். அந்தச் சொற்களை மட்டும் நம்பி வாங்கலாமா? இதற்கு விடை காண, முடிக்கு நிறம் எப்படி வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

ஒவ்வொரு முடியும் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலிலிருந்து வளர்கிறது. அங்குள்ள சில உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்குகின்றன. மெலனினில் இரு வகைகள் உண்டு. யூமெலனின் கறுப்பையும் பழுப்பையும் தருகிறது. ஃபியோமெலனின் செம்மையையும் மஞ்சளையும் தருகிறது. இவை எந்த அளவில் கலக்கின்றன என்பதைப் பெரும்பாலும் மரபணுக்களே முடிவு செய்கின்றன. ஆகவே, ஒரே வகுப்பில் ஒருவருக்குக் கருகருவென்றும் மற்றவருக்குப் பழுப்பாகவும் முடி இருப்பது இயல்பே.

வயது ஏற ஏற நிறமி உண்டாவது குறைகிறது. அப்போது முடி நரைக்கிறது. வயதாகியும் தமக்கு ஏன் நரைக்கவில்லை என்பதற்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் காரணம் கூறுகிறார். நல்ல குடும்பம், நல்ல அரசன், நல்ல சான்றோர் ஆகியோரால் தமக்குக் கவலையில்லை என்கிறார் அவர். நரை எப்போது தோன்றும் என்பதில் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு என்கிறது அறிவியல். அதனால் சிலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே இளநரை தோன்றலாம். அது குறையன்று.

வெளியே தெரியும் முடிக்கு உயிரில்லை. நாம் பூசும் சாயம் அந்தப் பகுதியை மட்டுமே மாற்றும். முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், சில வாரங்களில் வேர்ப்பகுதியில் பழைய நிறம் மீண்டும் தெரியும்.

மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் பொருள், முடியிலும் தோலிலும் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அது தருவது செம்மஞ்சள் அல்லது செம்பழுப்பு நிறமே. மருதாணி மட்டும் கறுப்பு நிறத்தைத் தராது. முடியைக் கறுப்பாக்க, அதனுடன் அவுரி இலைப் பொடியையும் பயன்படுத்துவார்கள். நிரந்தரச் சாயங்கள் வேறு முறையில் செயல்படுகின்றன. அவற்றிலுள்ள அம்மோனியா போன்ற பொருள் முடியின் மேலடுக்கைத் திறக்கிறது. பின்னர், ஹைட்ரஜன் பெராக்சைடின் உதவியால் முடிக்குள் புதிய நிறம் உருவாகிறது. கருமையான சாயங்கள் பலவற்றில் ‘பிபிடி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேதிப்பொருள் உள்ளது.

இங்குதான் எச்சரிக்கை தேவை. ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில் கையில் இடப்படும் கலவையில் பிபிடி சேர்க்கப்பட்டிருக்கலாம். அது சிலருக்கு அரிப்பையும் வீக்கத்தையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால், உடல் அதை மறப்பதில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தலைக்குச் சாயம் இடும்போது, முன்னைவிடக் கடுமையான பாதிப்பு ஏற்படலாம். சில நாள் அழகுக்காக இட்டது வாழ்நாள் தொல்லையாகிவிடும். சிங்கப்பூரில் ஒப்பனைப் பொருள்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்காணிக்கிறது. முடிச்சாயத்தில் பிபிடியைக் குறிப்பிட்ட அளவுக்குள் சேர்க்கலாம். தோலில் இடும் பொருளில் சேர்க்கக்கூடாது.

முடிச்சாயப் பெட்டிகள் பலவற்றில், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரியதன்று என்ற குறிப்பு இருக்கும். எனவே, மாணவர்கள் இப்போது அதைத் தவிர்ப்பதே நல்லது. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தினால், பின்வருவனவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்:

• பெட்டியிலுள்ள பொருள்பட்டியலையும் வழிமுறைகளையும் முழுமையாகப் படிக்க வேண்டும்.
• 48 மணி நேரத்திற்கு முன்பே சிறிதளவு சாயத்தைத் தோலில் பூசிச் சோதிக்க வேண்டும். முன்பு பயன்படுத்திய சாயமாக இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும்.
• முன்பு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால், சோதித்தும் பார்க்கக்கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.
• தலையில் புண் இருந்தால் சாயம் இடக்கூடாது. புருவத்திற்கும் இமைக்கும் அதைப் பூசவே கூடாது.
• கையுறை அணிய வேண்டும். குறிப்பிட்ட நேரம் முடிந்ததும் நன்றாகக் கழுவ வேண்டும்.

சாயம் இட்டபின் எரிச்சல் தோன்றினால், உடனே கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

‘இயற்கை’ என்ற சொல் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதோ பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். நம் பாதுகாப்புக்கு உதவுவது அந்தச் சிறிய எழுத்தே.