கழுதுருட்டிப் பதின்மூன்று கண் பாலம்: கட்டுமானமும் வலுவூட்டலும்

செங்கோட்டை – கொல்லம் இருப்புப்பாதை ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து மேற்கே இறங்குமிடத்தில், கழுதுருட்டிக்கு அருகே ஒரு கற்பாலம் உள்ளது. மலையாள வழக்கில் அது 'பதிமூன்று கண்ணறை'. வளைவின் திறப்பைக் 'கண்' என்பது தமிழுக்கும் உரியது. மதகுக்கும் அச்சொல்லே வழங்குகிறது.

இப்பாலத்தை விக்டோரியாக் காலத்தது எனப் பொதுவாகக் குறிப்பதுண்டு. அரசி மறைந்தது 1901 ஜனவரியில். புனலூர் – செங்கோட்டை மலைப்பாதை திறக்கப்பட்டது 1904 நவம்பரில். ஆயினும் பாதை குறித்த எண்ணம் 1873இலும் நில அளவை 1888இலும் தோன்றியமையால், திட்டமும் கட்டுமான மரபும் அக்காலத்தனவே. செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது.

எஃகு உத்திரங்கள் பரவலாகிவிட்ட காலத்தில் கல்வளைவு ஏன்? தென்னிந்திய இரயில்வே பின்னர் பாம்பனில் (1914) எஃகையே நாடியது. அங்கே கப்பலுக்கும் வழிவிட வேண்டியிருந்தது. மலைச்சரிவிலோ நிலைமை வேறு. கனத்த உத்திரங்களைக் கடல் கடந்து கொணர்ந்து, தண்டவாளம் இல்லாத காட்டினூடே ஏற்றுவதைவிட, அப்பகுதிக் கருங்கல்லைச் செதுக்கி அடுக்குவது எளிது.

கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைவு தன்மீது விழும் பாரத்தைப் பெரும்பாலும் அமுக்கமாக மாற்றித் தூணுக்குக் கடத்துகிறது. அவ்வாறு கடத்துகையில் பக்கவாட்டு உந்துவிசையும் பிறக்கிறது. தொடர்வளைவுப் பாலத்தில் ஒரு தூணின் இருபுறத்து உந்துவிசைகளும் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுசெய்துகொள்வதால், உயரமான தூண்களையும் ஓரளவு ஒடுக்கமாக எழுப்பலாம். ஈடுசெய்யப்படாத விசை இறுதியில் இருமுனை அணைசுவர்களையே சாரும். கட்டும்போதுதான் இடர்: ஒருபுற வளைவு முடிந்து மறுபுறம் வெறுமையாக இருப்பின் தூண் சாயக்கூடும். சாரம் பிரிக்கும் வரிசையில் கொத்தனாரின் கவனம் முழுவதும் தங்கியிருந்தது இதனால்தான்.

இத்தகைய பாலத்தின் தன்எடை மிகுதி. வண்டியின் எடை அதனோடு ஒப்பிடச் சிறிது. மீட்டர் பாதைக்கென எழுந்த பாலம் அகலப்பாதைக்கும் பயன்பட முடிந்ததை இப்பின்னணியில் காண வேண்டும். 2010இல் மலைப்பகுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2018இல் அகலப்பாதை திறக்கப்பட்டது. பாலம் இடிக்கப்படவில்லை, காங்கிரீட் உறையிட்டு வலுவூட்டப்பட்டது.

இதனை மரபுச் சிதைவு என்று மட்டும் கூறுவது பொருந்தாது. கைவிடப்பட்ட கற்பாலத்தில் நீர் கசிந்து சுண்ணாம்புச் சாந்து கரையும், மரங்கள் வேரூன்றும். வண்டி ஓடும் பாலத்திற்கே பராமரிப்பு உறுதி. எனினும் உறையிட்ட பகுதிகளில் கல்லின் செதுக்குமுறையும் இணைப்பும் மறைந்தன. அப்பகுதிகளின் கட்டுமானத்தை ஆராய்வோர்க்கு 2010க்கு முந்தைய நிழற்படங்களே இனி முதன்மைச் சான்று.