சிலையின் எடை

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களின் வாயிலில் பிள்ளையார், யானை, விளக்கேந்திய பாவை எனப் பல கருங்கல் உருவங்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் அழகுற வைக்க விரும்புவோர் பலர். "இதனை ஓராள் தூக்க இயலுமா?" என்னும் வினா அப்போது எழுகின்றது. விற்போர் "இலேசுதான்" என்பர். அக்கூற்றினும் அளவுகோல் நம்பத்தக்கது. கண்ணால் மட்டும் நோக்கி முடிவு செய்வோர் பெரும்பாலும் பிழைபடுவர். அப்பிழையின் விளைவு முதுகு நோவாகவோ, நசுங்கிய விரலாகவோ, உடைந்த சிலையாகவோ வந்து சேரும்.

தூக்காமலே எடையை மதிப்பிட எளிய வழியொன்று உண்டு. பிள்ளையார் சிலையொன்று 30 சென்டிமீட்டர் உயரமும், 20 சென்டிமீட்டர் அகலமும், 15 சென்டிமீட்டர் தடிப்பும் உடையது எனக் கொள்க. அது இறுகப் பொருந்தும் பெட்டி ஒன்றை மனத்தில் அமைத்தால், அதன் கன அளவு 9 லிட்டர் ஆகும். தலையின் இருபுறத்தும் கைகளின் இடையிலும் உள்ள வெற்றிடங்களைக் கழித்தால், பத்தில் ஆறு பங்கே, அதாவது 5.4 லிட்டரே சிலையாகும். ஒரு லிட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே அச்சிலை பதினான்கரைக் கிலோகிராம் இருக்கும். அதே உருவத்தைத் தேக்கில் செதுக்கினால் மூன்றரைக் கிலோகிராம்தான். வெண்கலத்தில் உட்குடைவின்றி வார்த்தாலோ, 47 கிலோகிராம் ஆகிவிடும்! சுவாமிமலை மரபுப்படிமங்கள் பெரும்பாலும் இவ்வாறு உள்ளே கனமாக வார்க்கப்படுபவையே. உட்குடைவுள்ள உலோகச் சிலையை விரலால் தட்டினால் அதன் ஒலியே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

உயரம் இருமடங்காயின் எடையும் இருமடங்காகும் என்று எண்ணுவது பலரும் செய்யும் தவறு. அகலமும் தடிப்பும் உடன் வளர்வதால் எடை எட்டு மடங்காகின்றது. இவ்வுண்மையைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மேற்கூறிய கருங்கற் பிள்ளையார் இரண்டடி உயரமாயின் 116 கிலோகிராம் ஆவார். அவரை ஒருவர் தூக்க முயல்வது தகாது.

எடை தெரிந்தபின்னும் ஆராய வேண்டியவை உள. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் வகுத்த முறைப்படி, எல்லாம் வசதியாக அமைந்த நிலையில் ஒருவர் தூக்கத்தக்க சுமை 23 கிலோகிராம். சுமை உடலைவிட்டு விலகினாலும், தூக்குவோர் இடுப்பைத் திருப்ப நேர்ந்தாலும் அவ்வரம்பு குறையும். கையும் பிடிக்க இடம் வேண்டுமன்றோ? நடராசர் படிமத்தின் திருவாசி பிடிக்க வாய்ப்பாகத் தோன்றும். ஆனால் அது மெல்லியது. பீடத்தையே பற்ற வேண்டும்.

ஐயம் நீங்காவிடின், பீடத்தின் ஒரு விளிம்பை மட்டும் சற்றே உயர்த்திப் பார்க்கலாம். அப்போது கை தாங்குவது ஏறத்தாழப் பாதி எடையே. அதுவே கடினமாயின் துணைக்கு ஆள் அழைப்பது நன்று. மிகப் பெரிய சிலையாயின், கடப்பாரையால் நெம்பி உருளைக் கட்டைகளின்மேல் நகர்த்தும் பழைய முறை இன்றும் பயன்படும்.