ஒரு சுற்றுக்கு எத்தனை உதறல்?

ஜீப் ராங்லர் வரிசையில் டிஜே என்ற வண்டி 1997 மாடலில் தொடங்கி 2006 வரை வந்தது. குட்டையான உடம்பு, முன்னும் பின்னும் முழு ஆக்சில், பாறை ஏறுவதற்கென்றே வாங்கப்படும் வண்டி. அமெரிக்காவில் இதை வாங்கிய பலர் உயரமான ஸ்பிரிங் போட்டு உடம்பை நான்கு அங்குலம் தூக்கிவிடுவார்கள். பாறையில் வண்டி அருமையாக ஏறும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். டயரை பாலன்ஸ் செய்வார்கள், போகாது. புது டயர் மாற்றுவார்கள், போகாது. ஷாஃப்டைக் கழற்றிக் கடைசலுக்குக் கொடுத்து பாலன்ஸ் பார்ப்பார்கள், அப்போதும் போகாது. ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியே நன்றாக இருக்கும்போதே வண்டி இப்படி உதற முடியும். கோளாறு உறுப்பில் இல்லை, உறுப்புகளுக்கு இடையே உள்ள கோணத்தில் இருக்கிறது.

எஞ்சினின் சுழற்சி கியர் பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வந்து, அங்கிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக ஆக்சிலுக்குப் போகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் உடம்போடு இருப்பது, ஆக்சில் சக்கரத்தோடு ஏறி இறங்குவது. ஆகவே ஷாஃப்டின் இரு முனையிலும் வளைந்துகொடுக்கும் மூட்டு வேண்டும். இரண்டு கவட்டை, நடுவில் கூட்டல் குறி வடிவில் ஒரு கிராஸ்: இதுதான் யூனிவர்சல் ஜாயின்ட். இந்தப் பெயரை முதலில் எழுதி வைத்தவர் ராபர்ட் ஹூக், 1676-இல், சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றிய தம் நூலில்.

ஹூக் கவனித்த விஷயம் இது. மூட்டு நேராக இருந்தால் உள்ளே வரும் சுழற்சி அப்படியே வெளியே போகும். மடங்கியிருந்தால் போகாது. உள்ளே சீரான வேகத்தில் சுற்றினாலும் வெளியே வரும் தண்டு சற்று முந்தும், சற்றுப் பிந்தும், மறுபடி முந்தும். கால் சுற்றுக்கு ஒரு முறை கிராஸின் இரண்டு கைகளும் தங்கள் நிலையை மாற்றிக்கொள்கின்றன. அரைச் சுற்றில் பழைய நிலையே திரும்பிவிடுகிறது. அதனால் ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். குறையாக விட்டுவிடாமல் ஹூக் இதை வேலைக்கு வைத்தார். சூரியக் கடிகாரத்தில் நிழலும் சீராக நகர்வதில்லை. அந்த நிழல் நகரும் கணக்கும் மடங்கிய மூட்டு சுழலும் கணக்கும் ஒன்றே: ஒரு கோணத்தின் டேன்ஜென்ட்டை ஒரு மாறாத எண்ணால் பெருக்கினால் மற்றக் கோணத்தின் டேன்ஜென்ட் வரும். சரியான அளவுக்கு மடக்கிய மூட்டு நிழலின் போக்கைத் தானே காட்டிவிடும்.

இன்னும் ஆழமாகவும் போகலாம். சூரியன் வானில் நகர்வதாகத் தெரியும் பாதை, பூமியின் நடுக்கோட்டுத் தளத்துக்கு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வினால் மட்டுமே சூரியன் கடிகார நேரத்துக்கு முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 10 நிமிடம் வரை விலகும், ஆண்டுக்கு இரண்டு முறை. ஒரு மூட்டை அதே 23.4 டிகிரி மடக்கிச் சுழற்றினால் வெளித்தண்டு ஏறத்தாழ 2.5 டிகிரி முந்தியும் பிந்தியும் ஓடும். பூமி 10 நிமிடத்தில் சுழலும் கோணமும் 2.5 டிகிரிதான். பூமியின் பாதை நீள்வட்டம் என்பதால் வேறொரு விலகலும் உண்டு, அது ஆண்டுக்கு ஒரு முறை வருவது. ஒன்றோடொன்று கலந்து வரும் இந்த இரண்டையும் வானியலாளர் பிரித்துப் பார்ப்பது, ஒரு சுற்றுக்கு எத்தனை முறை என்று எண்ணித்தான். ஜீப்பின் அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்குக்கும் அதே எண்ணிக்கைதான் வழி.

31 அங்குல டயர், ஆக்சில் விகிதம் 3.73 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 11 முறை சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல 3.73 மடங்கு, அதாவது 42 முறை. டயரிலோ ரிம்மிலோ குறை இருந்தால் உதறல் 11, எண்ணிவிடலாம் போலக் கையில் தெரியும். ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ, அதில் ஒட்டிய பாலன்ஸ் எடை விழுந்திருந்தாலோ 42. மூட்டுக் கோணம் தவறியிருந்தால் 84. அது கிட்டாரின் மிகத் தடித்த கம்பி எழுப்பும் சுருதிக்குப் பக்கம், ஆகவே உதறலாக உணர்வதைவிட முனகலாகக் காதில் விழும். கைபேசியில் உள்ள அதிர்வு உணரியைக் கொண்டே இந்த மூன்றையும் பிரிக்கலாம். நொடிக்கு 168 முறைக்கு மேல் அளவெடுக்கும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் 84-ஐ அதனால் சரியாகப் பிடிக்க முடியாது. புது டயருக்குப் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பேன்.

சரி, தூக்காத வண்டியில் மூட்டு ஏன் முனகுவதில்லை? ஒரு முனையில் ஏற்படும் ஏற்ற இறக்கத்தை மறு முனை திருப்பிக் கழித்துவிடுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். டிரான்ஸ்ஃபர் கேஸின் தண்டும், ஆக்சிலுக்குள் சுழற்சியை வாங்கும் தண்டான பினியனும் இணையாக இருந்து இரு மூட்டிலும் ஒரே அளவு மடிப்பு இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனைக் கவட்டைகளும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். ஷாஃப்டைப் பிரித்து மாட்டும்போது கவட்டையைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டிவிட்டால், கழிய வேண்டியது கூடிவிடும்.

வண்டியைத் தூக்கும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. குட்டை வண்டியில் அது மோசம். ஷாஃப்ட் ஒன்றரை மீட்டர் நீளமாக இருந்தால் 10 சென்டிமீட்டர் உயர்வு 4 டிகிரிக்கும் குறைவாகவே சாய்க்கும். அரை மீட்டர் நீளமே இருந்தால் அதே உயர்வு 11 டிகிரிக்கு மேல் சாய்த்துவிடும். சாய்வு கூடுவதைவிட வேகமாக ஏற்ற இறக்கம் கூடும், ஏனென்றால் அது கோணத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. 3 டிகிரியில் வேகம் 0.14 சதவீதம் கூடிக் குறையும். 10 டிகிரியில் 1.5 சதவீதம், பத்து மடங்குக்கு மேல். இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. ஆக்சிலுக்குப் போகும் சுழற்சி சீராகிவிடும், ஆனால் நடுவில் உள்ள ஷாஃப்ட் நொடிக்கு 84 முறை முந்திப் பிந்திக்கொண்டேதான் இருக்கும். அந்த எடையை முடுக்கி அடக்கும் விசை மூட்டுகளில் இறங்கும்.

டிஜேயில் பலர் முதலில் செய்வது, டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் சட்டத்தை ஓர் அங்குலம் இறக்குவது. செலவு குறைவு, முனகலும் தணியும். பாறையில் அடிபடாமல் இருக்கத்தானே வண்டியைத் தூக்கினோம்? அதில் ஓர் அங்குலத்தை அடிவயிற்றில் திருப்பிக் கொடுப்பது எனக்கு மனம் ஒப்பாத வேலை. முறையான வழி வேறு. டிரான்ஸ்ஃபர் கேஸின் நீண்ட வாலை வெட்டிக் குறைத்து, உள்ளே வழுக்கும் கவட்டைக்குப் பதில் நிலையான கவட்டை போடுவது. ஷாஃப்ட் நீளமாகிறது, சாய்வு அதிலேயே குறைகிறது. மேல்முனையில் இரட்டை கார்டன் ஜாயின்ட் வருகிறது. அதில் இரண்டு கிராஸ் அருகருகே இருந்து மடிப்பைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் ஏற்ற இறக்கத்தை அடுத்தது அங்கேயே கழித்துவிடுவதால் ஷாஃப்ட் சீராகச் சுழலும்.

பலர் இடறுவது இந்த இடத்தில்தான். சாதாரண ஷாஃப்டுக்குப் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸ் தண்டுக்கு இணையாக நிற்க வேண்டும். இரட்டை ஜாயின்ட் போட்ட ஷாஃப்டுக்கு அந்த விதி செல்லாது, பினியன் ஷாஃப்டையே நேராகப் பார்க்க வேண்டும். கழிப்பதற்குத் துணை இல்லாத கீழ்மூட்டில் மடிப்பு கிட்டத்தட்ட இல்லாமலே இருக்க வேண்டும். ஷாஃப்டை மாற்றாமல் பினியனை மட்டும் மேலே திருப்பினாலும் முனகும், ஷாஃப்டை மாற்றிவிட்டுப் பினியனைத் திருப்பாமல் விட்டாலும் முனகும். கோணத்தை அளக்கும்போது வண்டி சமதரையில் தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். லிஃப்டில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் பயன்படாது.

பின் ஷாஃப்ட் சரியான பிறகும் முனகல் நின்றபாடில்லை என்றால் முன்னால் பார்க்க வேண்டும். டிஜேயில் இரு சக்கர ஓட்டத்திலும் முன்சக்கரங்கள் முன் ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினால் விடை கிடைத்துவிடும். கியரை மாற்றிப் பார்ப்பதும் நல்லது. அதே சாலை வேகத்தில் எஞ்சின் வேகம் மாறியும் முனகல் மாறாவிட்டால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, காலை எடுத்தால் வருகிறதா என்பதும் முக்கியம். மிதிக்கும்போது ஆக்சில் சற்று முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கைத் தூக்கும். அதனால்தான் இரட்டை ஜாயின்ட் போட்ட வண்டியில் நிற்கும் நிலையில் பினியனை ஒன்று முதல் இரண்டு டிகிரி வரை தாழ்த்தி வைக்கிறார்கள், ஓட்டத்தில் அது ஏறக்குறைய நேராகிவிடும். பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் முறுக்கம் அதிகம், தாழ்வும் கூடுதலாக வேண்டும். மூட்டு முற்றிலும் நேராகவே சுழன்றாலும் கெடுதல்தான். கிராஸின் தொப்பிகளுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தி, அங்கே பள்ளம் போட்டுவிடும்.