முடிவுக்கும் ஒரு மதிப்பு உண்டு

ஹாரி பாட்டர் திரைப்பட வரிசையின் எட்டாவதும் இறுதியுமான படம் 2011-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திரைக்கு வந்தது. உலகெங்கும் அது ஈட்டிய தொகை ஏறத்தாழ 134 கோடி டாலர். அந்த ஆண்டில் மிக அதிகம் வசூலித்த படமும், அந்த வரிசையிலேயே மிக அதிகம் வசூலித்த படமும் அதுவே. மாயாஜாலக் கதை ஒன்று முடிந்ததற்காக வளர்ந்தவர்களும் கண் கலங்கியதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். பொருளாதாரம் கற்பித்தவன் என்கிற முறையில், என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை.

வகுப்பறையில் நாங்கள் தொடக்கத்திலேயே நடத்தும் பாடங்களுள் ஒன்று, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பசித்தவனுக்கு முதல் இட்லி தரும் நிறைவை ஐந்தாவது இட்லி தருவதில்லை. இதன்படி பார்த்தால், எட்டாவது படத்துக்கு முதல் படத்தைவிடக் குறைவான வரவேற்பே கிடைத்திருக்க வேண்டும். 2001-இல் வெளியான முதல் படம் ஏறத்தாழ 97 கோடி டாலர் ஈட்டியது. 2004-இல் வந்த மூன்றாவது படம் சுமார் 80 கோடிக்கு இறங்கியது. ஆனால், கடைசிப் படமோ உச்சத்தைத் தொட்டது. முப்பரிமாணக் காட்சிக்கான கூடுதல் கட்டணத்துக்கும் விலைவாசி உயர்வுக்கும் இதில் பங்குண்டு. அவை மட்டுமே காரணமல்ல.

ஜார்ஜ் ஸ்டிக்லர், கேரி பெக்கர் என்ற இரு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் 1977-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது. நல்ல இசையைக் கேட்கக் கேட்க, அதை அனுபவிக்கும் ஆற்றல் நமக்குள் மூலதனம்போல் சேர்கிறது என்பது அவர்கள் கருத்து. சில நுகர்வுகள் சலிப்பைத் தருவதில்லை. அடுத்த நுகர்வின் மதிப்பை உயர்த்துகின்றன. நீண்ட கதைகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

இந்த வரிசையில் அந்த மூலதனம் சேர்ந்த விதம் தனித்தன்மை வாய்ந்தது. படப்பிடிப்பு தொடங்கிய 2000-ஆம் ஆண்டில் நாயகன் டேனியல் ராட்கிளிஃபுக்கு வயது 11. இறுதிக் காட்சியை மீண்டும் படமாக்கிய 2010 டிசம்பரில் அவருக்கு 21. முதன்மைச் சிறுவர் மூவரையும் கடைசிவரை மாற்றவில்லை. தலைமை ஆசிரியர் டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002-இல் மறைந்ததால் மட்டுமே அந்த வேடம் மைக்கேல் கேம்பனுக்குச் சென்றது. திரையில் அந்தச் சிறுவர்கள் வளர்ந்த அதே பத்தாண்டுகளில் அரங்கில் அமர்ந்திருந்த சிறுவர்களும் வளர்ந்தார்கள்.

இறுதிப் படம் அந்தச் சேமிப்பை வட்டியுடன் திருப்பித் தந்தது. ஆலன் ரிக்மன் நடித்த ஸ்னேப் என்கிற ஆசிரியரை முதல் படத்திலிருந்தே நாம் சந்தேகிக்கிறோம். அவர் இறந்த பிறகு, அவருடைய நினைவுகளின் வழியே உண்மை தெரிய வரும்போது, ஏழு படங்களில் பார்த்த காட்சிகள் அனைத்தும் வேறு பொருள் கொள்கின்றன. புதிதாக வந்து அமர்ந்தவருக்கு அது ஒரு சோகக் காட்சி. பத்தாண்டுகள் காத்திருந்தவருக்கோ, தன் கடந்த காலத்தையே திருத்தி எழுதும் காட்சி. அதன் பின்னர், தான் இறந்தாக வேண்டும் என்று அறிந்த 17 வயது இளைஞன் காட்டுக்குள் நடந்து செல்கிறான். இறந்துபோன தாயும் தந்தையும் அவனுக்குத் துணையாக வருகிறார்கள். குழந்தைகளுக்கான படம் மரணத்தை இத்தனை நேர்மையாகப் பேசியது, பார்வையாளர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்பதை மதித்ததன் அடையாளம்.

அனைத்திலும் முக்கியமானது வேறொரு காட்சி. போர் முடிந்ததும், உலகிலேயே வலிமை மிக்க மந்திரக்கோல் ஹாரியின் கைக்கு வருகிறது. அவன் அதை இரண்டாக உடைத்துப் பள்ளத்தில் எறிந்துவிடுகிறான். ஜே.கே. ரௌலிங்கின் நாவலில் அந்தக் கோல் உடைக்கப்படுவதில்லை. படத்தை உருவாக்கியவர்கள்தாம் இப்படி மாற்றினார்கள். போதும் என்று சொல்லத் தெரிந்தவனே அதிகாரத்துக்குத் தகுதியானவன் என்கிறது அந்தக் காட்சி.

படத்தின் உரிமையாளர்களால் அவ்வாறு சொல்ல இயலவில்லை. கடைசி நாவலை இரண்டு படங்களாகப் பிரித்ததிலேயே வணிகக் கணக்கு தெரிந்தது. பிற வரிசைகளும் அதைப் பின்பற்றின. 2016-இல் அதே மாய உலகின் முற்காலத்தைச் சொல்லும் புதிய வரிசை தொடங்கியது. ஐந்து படங்கள் என்று அறிவிக்கப்பட்டது. முதல் படம் சுமார் 81 கோடி டாலர், 2018-இல் இரண்டாவது 65 கோடி, 2022-இல் மூன்றாவது 40 கோடி என வசூல் சரிந்தது. வரிசை அத்துடன் நின்றது. மூன்றாவது படத்தைப் பெருந்தொற்றுக் காலமும் பாதித்தது உண்மை. ஆனால், சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. குறைந்து செல் விதி தாமதமாக வந்தாலும் வராமல் போகவில்லை. இப்போது பழைய நாவல்களையே தொலைக்காட்சித் தொடராக எடுக்கும் முயற்சி நடைபெறுகிறது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. போர்க்காலத்தில் விமானங்கள் தயாரித்த லீவ்ஸ்டன் தொழிற்சாலை, இந்தப் படங்களால் நிரந்தரப் படப்பிடிப்புத் தளமாக மாறியது. 2012 முதல் சுற்றுலாத் தலமாகவும் விளங்குகிறது. அங்கு பலர் பிழைக்கிறார்கள். புகழ்பெற்ற ஒரு கதை அதன் உரிமையாளருக்குச் சொத்து; சொத்தைச் சும்மா வைத்திருக்கும்படி பங்குதாரரிடம் யாரும் சொல்ல முடியாது.

எனினும், கணக்கில் விடுபடும் ஒன்று உண்டு. முடிவு வரும் என்ற நம்பிக்கையில்தான் பார்வையாளர் தன் காலத்தையும் அன்பையும் முதலீடு செய்கிறார். முதிர்வுத் தேதியே இல்லாத வைப்புநிதியில் யார் பணம் போடுவார்கள்? எந்தப் பாத்திரமும் உண்மையில் இறக்காது, எந்தப் போரும் உண்மையில் முடியாது என்று தெரிந்துவிட்டால், கண்ணீருக்கு வேலையில்லை.

அந்தப் படம், 19 ஆண்டுகளுக்குப் பின் நாயகன் தன் பிள்ளையை ரயிலேற்றி அனுப்புவதுடன் நிறைவடைகிறது. 2001-இல் 11 வயதாக இருந்த பார்வையாளர்கள் பலரும் இன்று பெற்றோர். எட்டுப் படங்களையும் வரிசையாகக் காட்டி, கடைசியில் ‘இத்துடன் கதை முடிந்தது’ என்று அவர்களால் தங்கள் பிள்ளைகளிடம் சொல்ல முடிகிறது. முடியாத வரிசைகளைப் பார்த்து இன்று வளரும் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும்.