புடவை கட்டிய மீசைகள்!

எங்க ஊர் திருத்தணிக்கு ஒரு விசேஷம் உண்டு. மலை மேல் முருகன் இருக்கிறார், 365 படி ஏறணும், அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது மலைக்குக் கீழே இருக்கிற டி.வி. ரிமோட் சமாசாரம். ஒரு அமுக்கு அமுக்கினால் தமிழ். இன்னொரு அமுக்கு அமுக்கினால் தெலுங்கு. இரண்டுக்கும் சிரிக்கத் தெரிந்த ஜனங்கள் நாங்கள்.

காரணம் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. (ஏப்ரல் ஒண்ணாம் தேதியா என்று சிரிக்காதீர்கள், நிஜம்!) அதுவரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. போன்றவர்கள் போராடி எங்களை இந்தப் பக்கம் இழுத்து வந்தார்கள். பக்கத்து நகரி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆனால், எல்லைக்கோடு போட்டவர்கள் கேபிள் வயருக்கு எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

2013 பிப்ரவரியில் ஈ.டி.வி.யில் 'ஜபர்தஸ்த்' என்று ஒரு காமெடி நிகழ்ச்சி ஆரம்பித்தது. குட்டிக் குட்டி நாடகங்கள். ராக்கெட் ராகவா, சம்மக் சந்திரா, ஹைப்பர் ஆதி என்று ஒவ்வொரு டீமுக்கும் ஒரு தலைவர். நடுவர் நாற்காலியில் நாகபாபுவும், நம்ம 'செம்பருத்தி' ரோஜாவும். ரோஜா வெறும் நடிகை மட்டுமா? 2014-லும் 2019-லும் நகரி எம்.எல்.ஏ. எங்க ஊரிலிருந்து பஸ் ஏறி, சீட்டுப் பிடித்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் தொகுதி வந்துவிடும். 2022-ல் மந்திரியானதும் நடுவர் நாற்காலியை விட்டார். 2024 தேர்தலில் தொகுதி அவரை விட்டது. அது வேறு கதை.

ரோஜா இருந்தவரை நிகழ்ச்சி நாளில் எங்க தெருவில் ராத்திரி சாப்பாடு டி.வி. முன்னால்தான். நானும் வாரா வாரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவது பெண், முதலில் அனசூயா, அப்புறம் ரஷ்மி. மார்க் போடுவது பெண். ஆனால் நாடகத்துக்குள் வருகிற பெண்டாட்டி, மாமியார், கொழுந்தியாள் எல்லாம் பெரும்பாலும்... ஆண்! வினோத், சாந்தி ஸ்வரூப் மாதிரி ஆட்கள் மழமழவென்று மீசையை மழித்து, பட்டுப்புடவை கட்டி, கொண்டையில் பூ வைத்து வருவார்கள். 'லேடி கெட்டப்' என்று அதற்குப் பெயர். பெண் அழகாக நிற்கலாம், பெண் உட்கார்ந்து சிரிக்கலாம், சிரிக்க வைப்பதற்கு மட்டும் ஒரு ஆண் புடவை கட்டி வரவேண்டும். என்ன நியாயம் சார் இது?

இந்தச் சந்தேகத்தை ஒருநாள் காலை ரயிலில் போட்டு உடைத்தேன். திருத்தணியிலிருந்து சென்னைக்கு சீசன் டிக்கெட்டில் போகிற கோஷ்டி எங்களுடையது. மடிமேல் பேப்பரை விரித்து சீட்டுக் கச்சேரி நடக்கும். அரக்கோணம் வருவதற்குள் உலகப் பிரச்னைகள் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லி முடித்துவிடுவோம். இது மட்டும் சென்னை வரைக்கும் தீரவில்லை.

"பொம்பளைங்களுக்குக் காமெடி வராது தம்பி. அதான் விஷயம்" என்றார் எங்கள் ஆட்டத் தலைவர். ரிடையர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம் இருப்பவர். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

"வராதுன்னு சொல்லாதீங்க சார். வரலாம். ஆனா வேணாம்! மேடையில கன்னத்துல அறையறான், காலால உதைக்கிறான், டபுள் மீனிங் பேசறான். நம்ம வீட்டுப் பொண்ணை அங்க அனுப்புவீங்களா?" இது ஜன்னலோர இளைஞன். போன மாதம்தான் அவனுக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. பாவம், கவலை.

மூன்றாவது ஆசாமி, "ஆம்பளை புடவை கட்டினா சிரிப்பு வருது. விடுங்கப்பா. ஆராய்ச்சியா பண்ணப்போறீங்க?" என்று ஒரு ஜோக்கரை இறக்கினார்.

நான் விடுவதாக இல்லை. ஆட்டத் தலைவரிடமே ஆரம்பித்தேன்.

காமெடி வராது என்று எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறோம்? வள்ளியைக் கல்யாணம் செய்துகொண்டு முருகன் குடியிருக்கிற ஊரில்! சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தை மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா மேடைகளில் இன்றைக்கும் விடிய விடிய நடத்துகிறார்கள். அதில் உயிரான கட்டம் தர்க்கம். தினைப்புனத்தில் வந்து வம்பு பண்ணுகிற முருகனை வள்ளி வாயாலேயே மடக்குவாள். முழுக்க எழுதிவைத்த வசனம் இல்லை, அங்கங்கே கட்டிப் பேசுவது. வள்ளி வேஷம் போடுகிற அம்மாவுக்கு வாய் இல்லை என்றால் அடுத்த ஊரில் கூப்பிட மாட்டார்கள்.

அப்புறம் டி.ஏ.மதுரம். என்.எஸ்.கே. லட்சுமிகாந்தன் வழக்கில் சிறைக்குப் போய் 1947-ல் வெளியே வரும்வரை, எஸ்.வி.சகஸ்ரநாமத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாடகக் கம்பெனியையே நடத்திக் காட்டியவர். மனோரமா! நாடக மேடையிலிருந்து வந்து, 1958-ல் 'மாலையிட்ட மங்கை'யில் ஆரம்பித்து, ஆயிரம் படத்துக்கு மேல் நடித்து கின்னஸில் ஏறியவர். கோவை சரளாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் வந்த 'சதி லீலாவதி'யில் கமலுக்கு ஜோடி. கொங்குத் தமிழில் அவர் இழுத்து இழுத்துப் பேசும்போது தியேட்டரில் கமல் வசனம் காதில் விழவில்லை. அந்தப் படத்துக்கு வசனம் கிரேசி மோகன். எழுதுகிறவர் மனசு வைத்தால் பொண்டாட்டி பாத்திரத்துக்கும் பஞ்ச் டயலாக் கிடைக்கும் என்பதற்கு அதுதான் சாட்சி.

"அதெல்லாம் சினிமா. டி.வி. வேற" என்றார் தலைவர். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். வேறதான். எங்கே வேறு என்பதுதான் கேள்வியே.

டி.வி. ஸ்கிட்டில் இரண்டே வேலைதான் சார். ஒருத்தர் அடிக்கணும், ஒருத்தர் வாங்கிக்கணும். நான் சொல்வது கையால் அடிப்பதை அல்ல, வாயால். பெண்ணாக வருகிற பெண்ணுக்குக் கிடைப்பது வாங்கிக்கிற வேலை. "உன் மூஞ்சிக்கு", "உன் சைஸுக்கு" என்று ஆண் சொல்லுவார். இந்தம்மா முறைத்துவிட்டுப் போகணும். அதே பொண்டாட்டி வேஷத்தை ஒரு ஆண் கட்டினால் கதையே மாறிவிடும். திருப்பி அடிப்பார், கத்துவார், உருளுவார், ஆடுவார். புடவை கட்டிய ஆணுக்கு எழுதித் தருகிற வசனத்தைப் புடவை கட்டிய பெண்ணுக்கு எழுதித் தருவதில்லை. இதைத்தான் நாம் 'பொம்பளைக்குக் காமெடி வராது' என்று பேர் வைத்து அழைக்கிறோம்.

ஸ்பெஷல் நாடகத்திலும் இது உண்டு. வள்ளி மேடைக்கு வருவதற்கு முன்னால் பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் வருவார்கள். பபூன் கிண்டலடிப்பார், அந்தப் பெண் ஆடிக்கொண்டே வாங்கிக்கொள்வார். டி.வி.க்கு வந்து சேர்ந்தது வள்ளியின் தர்க்கம் அல்ல, இந்த பபூன் கச்சேரி. அதுதான் என் வருத்தம்.

லேடி கெட்டப் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. விஜய் டி.வி.யின் 'அது இது எது'வில் வடிவேல் பாலாஜி புடவையில் வந்து நின்றாலே நான் தரையில் உருள்வேன். 2020 செப்டம்பரில் அவர் போனபோது சொந்தக்காரர் போன மாதிரி இருந்தது. அவர்கள் கலைஞர்கள். மழித்த மீசையும் இறுகக் கட்டின புடவையும் சுலபமான பிழைப்பா என்ன?

ஆனால், அதே மேடையில் ராமர் செய்த ஒரு வேஷம் நினைவிருக்கிறதா? ஜீ தமிழில் குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சி நடத்திய லட்சுமி ராமகிருஷ்ணனைப் போல வந்து, அவருடைய ஒரே ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லியே நாட்டைக் கலக்கினார். சினிமாப் பாட்டில்கூட அந்த வசனம் ஏறிவிட்டது. நாமெல்லாம் சிரித்தோம். லட்சுமி ராமகிருஷ்ணனுக்கு அது பிடிக்கவில்லை, அதை வெளிப்படையாகவும் சொன்னார். "பிரபலம்னா கிண்டல் பண்ணத்தான் செய்வாங்க, தாங்கிக்கணும்" என்று ஒரு கட்சி. "டைரக்டராக நாலு படம் எடுத்த பெண்ணை ஒரு வசனமாகச் சுருக்கிவிட்டார்களே" என்று ஒரு கட்சி. நான் முதல் கட்சியில் கொஞ்சம், இரண்டாவதில் நிறைய. பெரிய மனுஷர்களைக் கிண்டல் பண்ண உரிமை உண்டு. அவருக்குப் பதில் சொல்ல அதே மேடையில் ஒரு பெண் இருந்திருந்தால் இன்னும் ஜோராக இருந்திருக்கும்.

இப்போது அறந்தாங்கி நிஷாவுக்கு வருவோம். அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டம், நாடகம் விளைகிற பூமி. 'கலக்கப்போவது யாரு'வில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் மைக்கைப் பிடித்துத் தனியாக நின்றவர். தன் கறுப்பு நிறத்தையும் உடம்பையும் தானே கிண்டல் அடித்துக்கொள்வார். இதில்தான் எங்கள் ரயில் பெட்டி இரண்டாகப் பிளந்தது. "தன்னைத்தானே கிண்டல் பண்றது தைரியம்" என்றான் ஜன்னலோர இளைஞன். எதிர் சீட்டு மேடம் அதுவரை வாய் திறக்கவில்லை. ஒரு ஆபீஸில் சூப்பரின்டெண்ட். மெதுவாகக் கேட்டார்: "அதே ஜோக்கை அடுத்த வாரம் ஒரு ஆம்பளை அந்தம்மாவைப் பார்த்துச் சொல்றானே தம்பி, அது யாரோட தைரியம்?"

பையன் கப்சிப்.

மேடம் கேட்டது நியாயம். நிஷா சொல்லும்போது அது அவர் சரக்கு. மற்றவர் சொல்லும்போது அது பழைய வசவுதான். இருந்தாலும், அந்தக் கதவை அப்படித்தான் திறக்க முடிந்தது என்றால் திறந்தவரைத் திட்டுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

நம்ம ஊரில் மட்டும்தான் இப்படி என்று யாரும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் 1969-ல் டி.வி.க்கு வந்த 'மான்ட்டி பைத்தான்' கோஷ்டியில் ஆறு பேருமே ஆண்கள். கீச்சுக் குரல் கிழவி வேஷம் எல்லாம் அவர்களே. அழகான பெண் வேண்டும் என்றால் மட்டும் கேரல் கிளீவ்லாண்ட் என்ற நடிகையைக் கூப்பிடுவார்கள். அமெரிக்காவில் 1975-ல் ஆரம்பித்த 'சாட்டர்டே நைட் லைவ்' பரவாயில்லை, முதல் கோஷ்டியிலேயே மூன்று பெண்கள். ஆனால் அங்கே ஜான் பெலூஷி என்ற பெரிய காமெடியன், பெண்கள் எழுதிய ஸ்கிட் என்றால் வேண்டுமென்றே சொதப்புவார் என்று கூட நடித்த ஜேன் கர்ட்டின் பின்னாளில் டி.வி.யிலேயே போட்டு உடைத்தார். நம்ம ஆட்டத் தலைவருக்கு அமெரிக்காவிலும் ஒரு அண்ணன்!

மாற்றம் இல்லாமல் இல்லை. 'ஜபர்தஸ்த்'திலேயே போகப்போக சத்யஸ்ரீ, ரோஹிணி, ஃபைமா என்று பெண்களே பெண் வேஷத்துக்கு வந்தார்கள். யாரும் டி.வி.யை அணைத்துவிடவில்லை. இங்கே 'குக்கு வித் கோமாளி'யில் மணிமேகலையும் சிவாங்கியும் செய்த அட்டகாசத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? அங்கே பொண்டாட்டி வேஷம் கிடையாது. அவரவர் வாய்க்கு வந்ததைப் பேசலாம். பேசவிட்டால் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

லண்டன் பி.பி.சி.யில் 1998-ல் வந்த 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'யையும் சொல்லணும். இந்திய வம்சாவளிக்காரர்கள் இங்கிலீஷ் ஓட்டலுக்குப் போய், இருப்பதிலேயே காரம் இல்லாத பண்டமாகக் கொடு என்று சர்வரைப் படுத்துகிற ஸ்கிட் அதில்தான் வந்தது. மீரா சியால் அதில் நடித்ததோடு எழுதவும் செய்தார். நடிப்பதைவிட இதைத்தான் நான் முக்கியம் என்பேன். வசனப் பேப்பர் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம்தான் சிரிப்பு சாயும்.

இதை ரயிலில் சொன்னபோது மேடம் சிரித்தார். "எழுதறதுக்கு சரக்கா இல்ல? எங்க ஆபீஸுக்கு வந்து பாருங்க. போன வாரம் டெல்லியிலேர்ந்து ஒரு பெரிய ஆபீசர். மீட்டிங்ல நான்தான் ரிப்போர்ட் படிக்கணும். ஃபைலோட உள்ளே போறேன், நிமிர்ந்து பார்க்காம, 'காபியில சர்க்கரையைக் குறைச்சுக்கம்மா'ங்கிறார். நான் சொன்னேன், 'சார், சர்க்கரை அளவைக் குறைக்கணும்னா ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வேணும். ஃபைல் போட்டாச்சு. உங்க கையெழுத்துக்குத்தான் வெயிட்டிங்!'"

பெட்டியே அதிர்ந்தது. ஆட்டத் தலைவர் கையில் இருந்த சீட்டு மொத்தமும் கீழே. ரம்மி சேர்ந்திருந்ததாம், பாவம்!

"மேடம், நீங்களே எழுதி டி.வி.க்கு அனுப்புங்களேன்" என்றான் ஜன்னலோர இளைஞன்.

"அனுப்பலாம் தம்பி. சாயந்திர வண்டி பிடிச்சு நான் வீட்டுக்குப் போறப்ப மணி எட்டு. சமையல், பையனுக்குக் கணக்கு, மறுநாளைக்கு இட்லி மாவு. பத்தரைக்குத்தான் உட்காருவேன். உங்க டி.வி.காரங்க ஒத்திகையை அந்த நேரத்துக்குத்தானே வைப்பாங்க? எங்க மாமியார்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்து சொல்லுங்க, நாளைக்கே கிளம்பிடறேன்."